வெள்ளித் துவக்கு

அவர் வந்து உட்கார்ந்தால் மேசையில் பேச்சுக் குறைந்துவிடும். கோபக்காரர் அல்ல. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதேயில்லை. யார் என்ன சொன்னாலும் முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்:

"கண்டனீங்களோ, நினைச்சனீங்களோ?"

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு கல்யாண வீடு. யாரோ ஒருவரின் மகன் வேலைக்குப் போகாமல் ரயில் நிலையத்தடியில் குடித்துக்கொண்டு நிற்கிறான் என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கண்டதெண்டு… மருமகன் சொன்னவர்."

"அப்ப மருமகன் கண்டவரோ?"

அந்த மனிதர் பாதி கடித்த வடையோடு எழும்பி அடுத்த மேசைக்குப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொரு சாட்டுச் சொல்லி எழும்பினார்கள். இவர் தனியாக இருந்து பாயாசம் வரை சாப்பிட்டார். கல்யாணத்தைப் படம் எடுக்கப் போயிருந்த நான் தூரத்தில் நின்று பார்த்தேன். அவரை அறிந்துகொண்டது அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகுதான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. கல்யாணம், சாமத்தியவீட்டுச் சடங்கு, கடவுச்சீட்டுப் படம் இவைதான் தொழில். ஒரு சனிக்கிழமை அவர் துணியில் சுற்றிய ஏதோ ஒன்றோடு வந்தார். விரித்தார். உள்ளே இருந்தது ஒரு சூப்புக் கரண்டி. பழையது, பளபளவென்று நிக்கல் பூசியது.

"நகை எல்லாம் எடுக்கிறனீங்கள்தானே. இதை ஒருக்கா எடுத்துக் காட்டுங்கோ. உங்கட முகம் தெரியக்கூடாது, லைட் தெரியக்கூடாது. கரண்டி மட்டும் தெரிய வேணும்."

முதற் படத்தில் என் வழுக்கைத் தலை கரண்டிக் குழிக்குள் தலைகீழாகத் தொங்கியது. விளக்குகளைத் தள்ளி வைத்து எடுத்தேன். கூரையும் யன்னலும் வந்தன. கடைசியில் மெல்லிய வெள்ளைத் தாளால் கூடாரம் போல ஒன்று செய்து, அதில் கமராவின் வாய் நுழைய மட்டும் ஒரு ஓட்டை வெட்டி எடுத்தேன். அவர் திரையில் நெடுநேரம் பார்த்தார்.

"ம். இது கரண்டி," என்றார்.

அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு முன்னும் அதற்கு முன்னும் செய்த ரிவோல்வர்கள். தொழிற்சாலையிலேயே நிக்கல் பூசி வெளியே வந்தவை சில. அவற்றைத் தேடிச் சேர்க்கிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஆனால் துருப்பிடித்த பழைய துவக்குக்குப் பிற்காலத்தில் நிக்கல் பூசி, தொழிற்சாலைப் பூச்சு என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். எது முதலே பூசியது, எது பிறகு பூசியது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது இவர் வேலை. அந்த அறிக்கைக்குப் படம் வேண்டும்.

"துவக்கோ அண்ணை?" என்றேன். நான் மன்னாரில் இருந்து ஓடி வந்தவன். இங்கே வந்த பிறகு பண்டிகைக்கு வெடி கொளுத்துகிற இடத்திலும் நிற்பதில்லை.

"நீங்கள் தொட வேண்டாம். நானும் ஒண்டும் வைச்சிருக்கேல்லை."

அது உண்மை. அனுமதிப் பத்திரமும் இரும்புப் பெட்டியும் சேர்க்கிறவர்களுக்குத்தான். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போவோம். சொந்தக்காரர் துவக்கை எடுத்து, குண்டு போடும் உருளையைத் திறந்து, வெறுமையாக இருப்பதைக் காட்டி, துணியில் வைப்பார். அதன் பிறகே இவர் வெள்ளைப் பருத்திக் கையுறைகளைப் போடுவார். வேலை முடிந்ததும், கையுறை போட்டிருந்த கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவுவார்.

வார நாட்களில் அவர் நிக்கல் பூசும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தண்ணீர்க் குழாய்களும் கதவுப் பிடிகளும் அங்கே பெரிய தொட்டிகளில் இறங்கி மினுங்கிக்கொண்டு மேலே வரும். அகதியாக வந்து தொழிற்பயிற்சி முடித்த நாளிலிருந்து அதே இடம். ஒருநாள் ஒருவர் பழைய ரிவோல்வர் ஒன்றின் பாகங்களைப் பூசித் தரும்படி கொண்டுவந்தாராம். அன்றைக்குத்தான் இந்தப் பழக்கம் தொற்றியது என்று மட்டும் சொன்னார். ஏன் தொற்றியது என்று சொல்லவில்லை. கல்யாணம் கட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்று கேட்டால், "கடற்கரைப் பக்கம்" என்பார்.

அவரோடு போய்ப் போய் அந்த வேலை எப்படி என்று எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. பிற்காலத்தில் பூசுகிறவன் முதலில் பழைய துருவைத் தேய்ப்பான். அப்போது உலோகத்தில் வெட்டிய எழுத்துகளின் விளிம்பு மழுங்கும். துரு தின்ற சிறு குழிகள் பூச்சுக்கு அடியில் அம்மைத் தழும்பு மாதிரிக் கிடக்கும். வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால் தெரியும். எல்லாவற்றிலும் பெரிய அடையாளம் குதிரை. பின்பக்கத்தில் பெருவிரலால் இழுத்து நிமிர்த்துவார்களே, அந்தப் பாகத்தைக் குதிரை என்று சொல்வது. அவர் பார்க்கிற வகைகளில் தொழிற்சாலை குதிரைக்கு நிக்கல் பூசாது. தீயில் பதப்படுத்தி விடும். அதில் நீலமும் ஊதாவும் தவிட்டு நிறமும் கலந்து ஓடும். பிறகு பூசுகிறவன் அதைப் பற்றி யோசிப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துத் தொட்டியில் அமுக்குவான். குதிரையும் வெள்ளியாக மினுங்கும்.

ஸோஸ்ட் நகரத்தில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். வேலையை விட்டவர், மனைவியை இழந்தவர். அந்த மனைவி எப்போதோ பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த ரிவோல்வரைக் கடைசியில்தான் வெளியே எடுத்தார். துணியில் வைத்ததுமே எனக்கே தெரிந்துவிட்டது. குதிரை கண்ணாடி மாதிரி மினுங்கியது. ஆனாலும் இவர் உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தார்.

"பூச்சு பிறகு போட்டது," என்றார் ஜெர்மனில்.

"விற்றவன் தொழிற்சாலைப் பூச்சு என்று சத்தியம் செய்தான். அவள் அதை நம்பித்தான் வாங்கினாள்."

"உங்கள் மனைவி உங்களுக்குத் தந்தார். அதை நீங்கள் கண்டீர்கள். நான் நிக்கலைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன்."

மருத்துவர் அதை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். பிறகு பூச்சுக்கு அடியில் இருந்த குழிகளைக் காட்டி, இவை எதனால் வந்தன என்று கேட்டார். வியர்வையா, கடல் காற்றா, இரத்தமா?

"துரு தெரிகிறது. எதனால் என்று தெரியவில்லை."

அந்த வீட்டில்தான் இன்னொன்றும் நடந்தது. பக்கவாட்டுப் படங்கள் முடிந்த பிறகு, அழகாக இருக்குமே என்று நினைத்து, துணியை இழுத்துத் துவக்கைத் திருப்பினேன். குழல் வாய் கமராவைப் பார்த்தது. பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் வெளியே போய்விட்டார். தோட்டத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேற்சட்டை இல்லாமல், கையுறைகளைக் கழற்றாமல், வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உடம்பு சரியில்லையா அவருக்கு?" என்று மருத்துவர் கேட்டார். நான் துணியை இழுத்துத் துவக்கைப் பழையபடி திருப்பினேன்.

திரும்பி வரும்போது ரயிலில் ஒன்றைத்தான் சொன்னார். "வாய்ப்பக்கம் எடுக்க வேண்டாம், தம்பி."

ஹனோவரில் ஒரு கல்யாணம் எடுத்தேன். பெண்ணின் தாய் அல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய ஹம்முக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். அக்கா என்றே கூப்பிட்டேன். கணினியில் படங்களைத் தள்ளிக்கொண்டு போகும்போது, இடையில் ரிவோல்வர் படம் ஒன்று வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"விடுங்கோ. இப்பிடி ஒண்டு எங்கட வீட்டிலை இருந்தது."

படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, இதுகளைப் பற்றித் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டார். நான் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்குப் பெருமைகூட. எங்கள் ஆள் ஒருவர் இதில் நிபுணர் என்று காட்டலாம் என்று இருந்தது.

அவர் வேலை முடிந்து நேரே வந்தார். உடுப்பில் தொட்டி மணம். நான் தேநீர் வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, துணியில் ஏதோ வைக்கப்போகிறார்கள் என்பது போலக் குனிந்து உட்கார்ந்தார். அக்கா ஊரின் பெயரைச் சொன்னார். அவர் அசையவில்லை.

"எங்கட அப்பா நில அளவை வேலை செய்தவர். தன்ர நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை குடுத்த துவக்கு. லைசென்ஸ் இருந்தது. ஊரிலை எல்லாருக்கும் தெரியும், வெள்ளித் துவக்கு எண்டு சொல்லுவினம். ஒரு நாள் மைம்மல் நேரம், இருட்டிக்கொண்டு வரேக்கை, வேலியோரத்து ஒழுங்கையிலை ஒரு பெடியனை ஆரோ சுட்டுப்போட்டாங்கள். அந்தப் பெடியன்ர தம்பி சின்னவன், வேலிக்குள்ளாலை பாத்தவனாம். வெள்ளித் துவக்கு எண்டு சொல்லிப்போட்டான். விசாரிக்க வந்த இயக்கப் பெடியள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போச்சினம். பிறகு மின்கம்பத்தடியிலை போய்த்தான் அப்பான்ர உடலை எடுத்தனாங்கள்."

தேநீர்க் கோப்பையைத் தொடாமல் தொடர்ந்தார்.

"செத்த பெடியன்ர வீட்டோடை எங்களுக்கு வேலிச் சண்டை இருந்தது. அண்டைக்கு அப்பா வெளியிலை போய் இருட்டினாப் பிறகுதான் வந்தவர். எங்கை போனவர் எண்டு சொல்லேல்லை. அம்மாவும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. எனக்கு இப்ப ஒண்டுதான் தெரிய வேணும். அது எங்கட துவக்குத்தானோ?"

ஒரு மகள் கேட்கக்கூடாத கேள்வி அது. இத்தனை வருடமும் அதை வைத்துக்கொண்டுதான் பிள்ளை வளர்த்து, வேலைக்குப் போய், கல்யாணம் நடத்தி இருக்கிறார்.

அவர் கேட்டார்: "உங்கட அப்பான்ர துவக்கிலை குதிரை என்ன நிறம்?"

"மழைத் தண்ணியிலை மண்ணெண்ணெய் விழுந்தால் எப்பிடி இருக்கும்? அப்பிடி. ஞாயிற்றுக்கிழமையிலை தேங்காயெண்ணெய் போட்டு நான்தான் துடைக்கிறனான்."

"அப்ப அது தொழிற்சாலையிலை பூசினது. உண்மையான சாமான்." குரல் வழக்கம்போல இருந்தது. "ஊரிலை இன்னொண்டும் இருந்திருக்குது. டவுனிலை சைக்கிளுக்கு முலாம் பூசுற கடையிலை ஒருத்தன் ஒரு பழைய துவக்குக்குப் பூசுவிச்சவன். அதை நான் இந்த நாட்டுக்கு வந்து கனகாலத்துக்குப் பிறகுதான் கேள்விப்பட்டனான். அங்கை பூசினால் குதிரையும் மினுங்கும்."

"ஒழுங்கையிலை மினுங்கினது எது?"

"எனக்குத் தெரியாது, அக்கா. வேலிக்குள்ளாலை பாத்த பெடியன் நான்தான்."

நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்கா கத்தவில்லை, எழும்பவுமில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நரை விழுந்த அந்த முகத்தில் அந்தச் சின்னப் பெடியனைத் தேடினாரோ என்னவோ.

"என்ன கண்டனீர்?"

"அண்ணன் விழுந்ததைக் கண்டனான். அதுக்கு முன்னம் ஒரு மினுக்கம். துவக்கின்ர வாய் எங்கட வேலிப்பக்கம் திரும்பினது. கையையும் காணேல்லை, ஆளையும் காணேல்லை. வந்தவை என்னைத் தூக்கி மேசையிலை இருத்திப்போட்டு, வெள்ளித் துவக்கோடா எண்டு கேட்டவை. மினுங்கினதுதானே. தலையை ஆட்டினன். உங்கட அப்பான்ர பேரை நான் சொல்லேல்லை. ஆனால் நான் ஆட்டினதுக்குத்தான் போனவை."

"குதிரை மினுங்கினதோ?"

"காணேல்லை."

"யோசிச்சுப் பாருங்கோ."

"யோசிக்காத நாள் இல்லை. எத்தினை துவக்கைப் பாத்திட்டன். ஒவ்வொண்டையும் பாக்கேக்கை அந்த இடத்தை நினைச்சுப் பாப்பன். அதிலை இருட்டுத்தான் இருக்குது."

குதிரையும் மினுங்கியது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அக்கா நிம்மதியாக ஹனோவருக்கு ரயில் ஏறியிருப்பார். அந்தச் சொல்லை அவர் சொல்லிவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் மாதாவை மன்றாடினேன். அக்காவும் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"காணேல்லை, அக்கா," என்றார் மீண்டும்.

அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். பிறகு சொன்னார்: "அப்ப அதையாவது வந்து சொல்லுங்கோ. அப்பான்ர திவசத்துக்கு ஊர்ச்சனம் வரும். நீங்கள் ஒண்டும் காணேல்லை எண்டு அவைக்கு முன்னாலை சொல்லுங்கோ."

அவர் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மிண்டனில் ரயில் மாறும்போது அவர் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அக்கா வீட்டு வரவேற்பறையில் படத்துக்கு மாலை போட்டு விளக்கு எரிந்தது. மெலிந்த, மீசை வைத்த மனிதர், கொஞ்சம் அலுப்போடு பார்க்கிற கண்கள். இருபது முப்பது பேர் இருந்தார்கள். அவர் எழுந்து, தான் யார் என்று சொன்னார். மினுக்கத்தைத் தவிர வேறொன்றும் காணவில்லை என்றார். இரண்டு வசனத்துக்கு மேல் இல்லை.

அக்காவின் தம்பி எழும்பிப் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வயதான ஒருவர், "இதை அப்ப சொல்லியிருக்கலாம், தம்பி," என்றார்.

"ஓம்," என்றார் இவர்.

அக்கா இலை போட்டார். சோறும் கறியும் தன் கையாலேயே பரிமாறினார். அவர் குனிந்தபடி எல்லாவற்றையும் சாப்பிட்டார். நான் அன்றைக்கு ஏதோ ஒன்று தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பல் மருத்துவர் இன்னொரு ரிவோல்வர் வாங்கியிருந்தார். அண்ணையைக் கூட்டிவரும்படி எனக்குத் தொலைபேசி எடுத்தார். இவர் வரவில்லை என்றார். மற்றவர்கள் கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் இல்லை என்றார். காரணம் கேட்க நான் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் விளக்குப் போடாமல் இருந்தார். பின்னேரம்தான், ஆனால் மழைக்கால இருட்டு.

"இப்ப தெரியுது, தம்பி," என்றார்.

"என்ன அண்ணை?"

"குதிரை. இவ்வளவு காலமும் இருட்டாய் இருந்த இடத்திலை இப்ப நிறம் தெரியுது. நீலம், ஊதா. மண்ணெண்ணெய் விழுந்த தண்ணி மாதிரி."

எனக்கு உடம்பு கூசியது. "அப்ப அவவின்ர அப்பா…"

"அது அவ சொன்ன நிறம். நான் கண்டதில்லை. பிறகு பூசினது." கைகளை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தார். "ஆனால் விளிம்பு மழுங்கேல்லை. தழும்பு ஒண்டும் தெரியேல்லை. இது ஒரு துவக்கிலை இருந்தால் நான் தொழிற்சாலைப் பூச்செண்டுதான் எழுதிக் குடுத்திருப்பன். கண்ணை மூடினால் ஒழுங்கையிலை அது வருது. ஒவ்வொரு முறையும் அவவின்ர அப்பாதான் சுடுறார். படத்திலை இருந்த அதே முகத்தோடை."

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அவர் வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கடைசி வாரங்களில் ஹம் மருத்துவமனையில் இருந்தார். உறவென்று ஒருவரும் இந்த நாட்டில் இல்லை. அக்காதான் ரயில் ஏறி வந்தார். தாதி, நீங்கள் யார் என்று கேட்டதற்கு, சகோதரி என்றார். கஞ்சி கொண்டுவருவார், பக்கத்தில் இருந்து ஏதாவது பின்னிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

ஒரு மத்தியானம் நானும் அங்கே இருந்தேன். அக்கா பின்னல் ஊசிகளை மடியில் வைத்தார். நெடுநாளாக ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர் போல ஒரே மூச்சில் சொன்னார்.

"தம்பி, அந்தக் குதிரை நிறமாய் இருந்தது எண்டு உங்களுக்குச் சொன்னனான். இப்ப எனக்கு நிச்சயமில்லை. இந்தப் படக்காரத் தம்பி எடுத்த படத்தைப் பாத்த பிறகுதான் அந்த நிறம் எனக்கு வந்ததோ தெரியேல்லை. துடைச்ச ஞாபகம் இருக்குது. எண்ணெய் மணம் இருக்குது. நிறம் என்னெண்டு எவ்வளவு யோசிச்சும் வரேல்லை. கண்ணை மூடிப் பாத்துப் பாத்து எனக்கு நித்திரை இல்லாமல் போச்சு."

அவர் தலையணையில் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். சமையலறையில் எனக்குச் சொன்ன நிறத்தை அவர் சொல்லவில்லை. கையை நீட்டினார். மெலிந்து, ஊசி குத்திய இடமெல்லாம் நீலமாகக் கன்றிப்போன கை. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்கள் அதை விடுங்கோ," என்றார். "இனி நீங்கள் பாக்க வேண்டாம். நான் பாத்துக்கொள்ளுறன்."

சொல்லிவிட்டுக் கண்களை மூடினார். நித்திரை அல்ல. நெற்றி சுருங்கியது, மூடிய இமைகளுக்கு உள்ளே கண்கள் இங்கும் அங்கும் அசைந்துகொண்டிருந்தன. அக்கா கையை விடவில்லை. வெளியே தள்ளுவண்டியில் மத்தியானச் சாப்பாடு வந்து, யாரும் எடுக்காமல் திரும்பிப் போனது.